மெட்டா அனாலிசிஸ் தரும் ஆட்ஸ் விகிதத்தை மார்கோவ் மாடலில் வைப்பது எப்படி?

கேள்வி
ஒரு மருந்தின் செலவு-பயன் மாடல் (நோயாளிகள் ஒவ்வொரு சுழற்சியிலும் ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்கு நகரும் மார்கோவ் மாடல்), சுழற்சி 3 மாதம். 6 ஆய்வுகளைத் தொகுத்த மெட்டா அனாலிசிஸில், 12 மாதத்துக்குள் நோய் திரும்புவதற்கான ஆட்ஸ் (நடக்கும் வாய்ப்பு ÷ நடக்காத வாய்ப்பு) விகிதம் 0.70 (95% நம்பிக்கை இடைவெளி 0.55–0.89). ரேண்டம் எஃபெக்ட்ஸ் (உண்மை விளைவே ஆய்வுக்கு ஆய்வு மாறலாம் என்று கொள்ளும் முறை), டௌ (லாக் அளவில் அந்த மாறுபாடு) 0.2. வழக்கமான சிகிச்சையில் 40% பேருக்கு நோய் திரும்புகிறது. 40-ஐ 0.70-ஆல் பெருக்கினால் 28%. அதை நாலால் வகுத்து, சுழற்சிக்கு 7% என்று வைத்திருக்கிறேன். சரிதானா? பிஎஸ்ஏ-வுக்கு (உள்ளீடுகளைப் பரவலிலிருந்து எழுந்தமானமாக எடுத்து மாடலைப் பலமுறை ஓட்டும் ஐயப் பகுப்பாய்வு) எந்தப் பரவல்?

மறுமொழி 1
பெருக்கலும் தப்பு, வகுத்தலும் தப்பு.

ஆட்ஸ் விகிதத்தை ரிலேடிவ் ரிஸ்க் (இரு நிகழ்தகவுகளின் விகிதம்) போல நிகழ்தகவோடு பெருக்கக் கூடாது. 40% என்றால் ஆட்ஸ் 0.4/0.6 = 0.667. அதை 0.70-ஆல் பெருக்கினால் 0.467. திரும்ப நிகழ்தகவாக்க 0.467/1.467 = 31.8%. உங்கள் கணக்கில் மருந்து 12 புள்ளி குறைக்கிறது, உண்மையில் 8.2 தான். நிகழ்வு அரிதாக இருந்தால் இந்தப் பிழை கண்ணில் படாது, 40%-இல் மாடலையே சாய்த்துவிடும்.

அடுத்தது காலம். ஆபத்து வீதம் ஆண்டு முழுக்க மாறாது என்று கொண்டால், 1 − (1 − 0.318)^(1/4) = 9.1%. கன்ட்ரோலுக்கு (வழக்கமான சிகிச்சைப் பிரிவு) 12.0%. வரிசையை மாற்றிவிடாதீர்கள்: முதலில் 12 மாதத்தில் ஆட்ஸ் விகிதம், பிறகுதான் சுழற்சிக்குப் பிரிப்பது. 12.0%-இன் மேல் 0.70-ஐப் போட்டால் 8.7% வரும், நாலு சுழற்சி ஓடினதும் 30.5%-இல் நிற்கும், 31.8%-க்குப் போகாது. ஹசார்ட் விகிதமாக (ஆபத்து வீதங்களின் விகிதம்) இருந்தால் இந்தத் தொல்லை இல்லை.

மறுமொழி 2
பிஎஸ்ஏ-வுக்கு லாக்நார்மல் (லாக் எடுத்தால் நார்மலாகும் பரவல்). லாக் அளவில் சராசரி −0.357, திட்டப்பிழை (ln 0.89 − ln 0.55)/3.92 = 0.123. நார்மலில் எண்ணை எடுத்து, பிறகு எக்ஸ்போனென்ஷியல் போடுங்கள். 0.70-ஐச் சுற்றி நேரடியாக நார்மல் வைத்தால் இடைவெளியின் சமச்சீரின்மை தொலைந்துபோகும்.

ஆனால் 0.123 என்பது சராசரி விளைவின் ஐயம் மட்டுமே. மருந்து போகப்போவது ஆய்வு நடக்காத புது இடத்துக்கு என்றால், அங்கே விளைவு எப்படி இருக்கும் என்பதே கேள்வி. √(0.123² + 0.2²) = 0.235, 6 ஆய்வுக்கு டி பரவல், விடுதலைப் படி 4, பெருக்கி 2.776. இடைவெளி 0.36–1.34. 1-ஐத் தாண்டுகிறது, அதாவது அங்கே மருந்து பயன் தராமலும் போகலாம்! பலர் இதை ஓசைப்படாமல் விட்டுவிடுவார்கள், செலவு-பயன் ஏற்புக் கோடு (மருந்து செலவுக்கு ஏற்றதாக இருக்கும் நிகழ்தகவைக் காட்டும் வரைபடம்) அழகாக வரும் என்பதால். இரண்டையும் ஓட்டிக் காட்டுங்கள்.

கேள்வி கேட்டவர்
நன்றி. அந்த 40%, அதே 6 ஆய்வுகளின் கன்ட்ரோல் பிரிவுகளைக் கூட்டி எடுத்தது. போதுமா?

மறுமொழி 1
போதாது. ஆய்வில் சேர்பவர்கள் பொறுக்கியெடுத்த நோயாளிகள். அடிப்படை ஆபத்தை மாடல் யாருக்கோ அந்த மக்களின் பதிவேட்டிலோ கோஹார்ட்டிலோ (காலப்போக்கில் பின்தொடரும் நோயாளிக் குழு) எடுங்கள். மெட்டா அனாலிசிஸிலிருந்து ஒப்பீட்டு விளைவு மட்டும். மருந்துப் பிரிவையும் அப்படித் தனியாகக் கூட்டினால் ரேண்டமைசேஷனே உடைந்துவிடும்.

மறுமொழி 3
மாடல் 12 மாதத்தைத் தாண்டி ஓடினால், அதற்குப் பிறகு விளைவு 0.70-ஆகவே நீடிக்கும் என்பது தரவு இல்லாத ஊகம். 13-ஆம் மாதத்திலிருந்து 1 என்று வைத்தும் ஒரு தடவை ஓட்டுங்கள். மூன்று, நாலு மருந்துகளை நெட்வொர்க் மெட்டா அனாலிசிஸில் (பல மருந்துகளை ஒரே பகுப்பாய்வில் ஒப்பிடும் முறை) ஒப்பிட்டால், விளைவுகளைத் தனித்தனி லாக்நார்மலாகப் போடாதீர்கள். பொது ஒப்பீட்டு மருந்து வழியாக அவை ஒன்றோடொன்று தொடர்புடையவை. கூட்டுப் போஸ்டீரியர் மாதிரிகளை (பேயீசியன் பகுப்பாய்வு எல்லா விளைவுகளுக்கும் சேர்த்துத் தரும் எண் வரிசைகள்) ஒரு வரிசை, ஒரு ஓட்டம் என்று அப்படியே மாடலுக்குள் இழுங்கள்.