அகதிக் குழந்தைகளுக்கான நன்கொடை: பள்ளிக்கா, குடியிருப்புக்கா?

தாழ்வாரம் (கேள்வி):
நண்பர்கள் சிலர் சேர்ந்து மாதந்தோறும் ஒரு சிறு தொகையை ஒதுக்கி வருகிறோம். போரால் இடம்பெயர்ந்து வேற்று நாட்டில் வளரும் குழந்தைகளுக்கு அது போய்ச் சேர வேண்டும் என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. பள்ளிக்குக் கொடுப்பதா, குடியிருப்புக்குக் கொடுப்பதா என்பதில்தான் பேச்சு முடியாமல் நீள்கிறது. வகுப்பறை கட்டிக் கொடுத்தால் கொடுத்தது கண்ணுக்குத் தெரியும் என்கிறார் ஒருவர். ஒழுகும் கூரையின் கீழ் எந்தப் பிள்ளை படிக்கும் என்கிறார் இன்னொருவர். இத்துறையை அறிந்தவர்கள் வழிகாட்டினால் நன்றாக இருக்கும்.

கரும்பலகை:
கட்டடத்துக்குக் கொடுக்க எப்போதும் யாராவது முன்வருவார்கள். அங்கே பெயர்ப்பலகை வைக்க இடம் இருக்கிறது. ஆசிரியரின் ஊதியத்துக்குக் கொடுக்கத்தான் ஆள் கிடைப்பதில்லை. 1992இல் தொடங்கப்பட்ட கென்யாவின் காகுமா முகாமில், ஒரே வகுப்பில் நூறு பிள்ளைகளுக்கு மேல் அமர்ந்திருப்பது புதிய செய்தி அன்று. அங்கே கற்பிப்பவர்களில் பலர் தாமும் அகதிகளே. அவர்களுக்குக் கிடைப்பது உள்ளூர் ஆசிரியரின் ஊதியத்தைவிடக் குறைவான ஓர் ஊக்கத்தொகை மட்டுமே என்பதால், அனுபவம் சேர்ந்த கையோடு பலர் வேறு வேலை தேடிப் போய்விடுகிறார்கள்.

1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கை, தொடக்கக் கல்வியில் அகதிகளைச் சொந்தக் குடிமக்களுக்கு இணையாக நடத்த வேண்டும் என்று 22ஆம் பிரிவில் கூறுகிறது. லெபனானும் ஜோர்தானும் அந்த உடன்படிக்கையில் சேராத நாடுகள். ஆயினும் சிரியாவிலிருந்து வந்த பிள்ளைகளுக்காகத் தம் அரசுப் பள்ளிகளில் பிற்பகல் வகுப்புகளை நடத்தின. கட்டடம் ஏற்கெனவே இருந்தது. தேவைப்பட்டவை கூடுதல் நேரத்துக்கான ஊதியமும், போக்குவரத்துச் செலவும், மொழி உதவியுமே. சிரியாவில் எல்லாப் பாடங்களையும் அரபியில் படித்த பிள்ளை, லெபனானில் கணக்கையும் அறிவியலையும் பிரெஞ்சிலோ ஆங்கிலத்திலோ படிக்க நேரிட்டபோது, அறிவில் குறைவில்லாதவனும் பின்தங்கினான். அத்தகைய பிள்ளைகளுக்கான இணைப்பு வகுப்புகளுக்குச் சிறு தொகை பெரிதும் பயன்படும்.

சான்றிதழ் பற்றியும் கேளுங்கள். வங்கதேசத்தின் காக்ஸ் பஜார் முகாம்களில், மியான்மரிலிருந்து தப்பி வந்த ரோகிங்கியாப் பிள்ளைகள் பல ஆண்டுகள் முறைசாராக் கற்றல் மையங்களிலேயே படித்தார்கள். மியான்மர் பாடத்திட்டம் அங்கே 2021இன் இறுதியில்தான் தொடங்கியது. எந்தத் தேர்வுக்கும் இட்டுச்செல்லாத படிப்பில் வளர்ந்த பிள்ளைகளைப் பிடித்து நிறுத்துவது கடினம்.

மூங்கில்தூண்:
மேலே உள்ளவற்றை ஏற்கிறேன். ஆனால் குடியிருப்பை இரண்டாம் இடத்துக்குத் தள்ளிவிட முடியாது. மனிதநேய உதவிக்கான ஸ்பியர் அளவுகோல், சமையலிடமும் குளியலிடமும் நீங்கலாக, ஆளுக்குக் குறைந்தது 3.5 சதுர மீட்டர் உறைவிடம் வேண்டும் என்கிறது. ஐவர் கொண்ட குடும்பத்துக்கு 17.5 சதுர மீட்டர். புத்தகத்தை விரித்து உட்காரத் தனி மூலை அதில் கிடையாது. இருட்டிய பின் வெளிச்சமும் இல்லையென்றால் வீட்டுப்பாடம் அன்றோடு முடிந்தது. ஜோர்தானின் அஸ்ராக் முகாமில் ஐகியா அறக்கட்டளையின் நிதியால் 2017இல் இயங்கத் தொடங்கிய சூரிய மின்நிலையத்தை, வீட்டுக்கான உதவி என்று மட்டும் எப்படிச் சொல்வது?

இன்னொன்று. முகாம் என்றதும் நமக்குக் கூடார வரிசைதான் நினைவுக்கு வருகிறது. உலக அகதிகளில் பெரும்பான்மையினர் முகாம்களுக்கு வெளியே, பெரும்பாலும் வாடகை வீடுகளில் வாழ்கிறார்கள். வாடகை தவறினால் குடும்பம் வேறு பகுதிக்குப் போகிறது, பிள்ளை ஆண்டின் நடுவே பள்ளியை இழக்கிறது, மூத்த மகன் வேலைக்கு அனுப்பப்படுகிறான். ஆகவே வாடகை உதவி கல்வி உதவியும்தான். முகாமுக்குள் நிலையான வீடு கட்டுவதற்கு நிலமும் அரசின் அனுமதியும் வேண்டும். காக்ஸ் பஜாரில் மூங்கிலும் தார்ப்பாயும்தான் அனுமதிக்கப்பட்டு வந்தன. நன்கொடையாளர் விரும்பினால் மட்டும் சுவர் எழும்பிவிடாது.

நடைவண்டி:
ஒரு சிறு மறுப்பு. எந்தச் செங்கல் எங்கே போக வேண்டும் என்று தொலைவிலிருந்து தீர்மானிப்பதைவிட, நல்ல அமைப்பு ஒன்றைத் தேர்ந்தெடுத்து, நிபந்தனையின்றி மூன்று ஆண்டுகளுக்காவது கொடுப்பது மேல். உள்ளூர்ப் பிள்ளைகளும் படிக்கும் பள்ளிகளைச் சீரமைக்கும் அமைப்பாக இருந்தால் இன்னும் நல்லது. ஏழை ஊரில் அகதிகளுக்கு மட்டும் உதவி வந்தால் மனக்கசப்பு வளரும்.

தாழ்வாரம்:
நன்றி. ஆசிரியர் ஊக்கத்தொகையின் பக்கம் எங்கள் மனம் சாய்கிறது. ஆனால் உறுப்பினர்களுக்குக் காட்ட எதைக் கேட்பது? குழந்தைகளின் படங்களை அனுப்பச் சொல்லலாமா?

கரும்பலகை:
படங்கள் வேண்டாம். தப்பி வந்த குடும்பத்தின் முகமும் இருப்பிடமும் வெளியானால் ஊரில் எஞ்சியுள்ள உறவினருக்கும் ஆபத்து வரலாம். பருவத்தின் தொடக்கத்தில் இருந்த ஆசிரியர்களில் எத்தனை பேர் இறுதியிலும் இருக்கிறார்கள், மாணவியர் வருகை எப்படி, தொடக்கப்பள்ளி முடித்தவர்களில் எத்தனை பேர் அடுத்த நிலைப் பள்ளிக்குச் சென்றார்கள் என்ற மூன்றையும் கேளுங்கள். ஒழுங்காக நடக்கும் அமைப்பிடம் இவை ஏற்கெனவே எழுத்தில் இருக்கும்.