அடர்ந்து பெருத்த உயிர்வேலியை எப்போது, எவ்வளவு வெட்டலாம்?

கேள்வி:
வணக்கம். நான்கைந்து ஆண்டுகள் கவாத்து செய்யாமல் விட்ட எங்கள் பசுமை மாறா உயிர்வேலி, இப்போது 10 அடி உயரமும் 5 அடி அகலமுமாகப் பெருத்து, நடைபாதையில் பாதியை அடைத்து நிற்கிறது. சென்ற ஆண்டு ஓரிடத்தில் ஆழமாக வெட்டினேன். அங்கே பழுப்புக் குச்சிகள்தான் தெரிகின்றன, இன்றுவரை ஒரு துளிர்கூட வரவில்லை. மிச்சத்தையும் கெடுத்துவிடுவேனோ என்று அஞ்சுகிறேன்.

பதில் 1:
அது என்ன செடி என்று தெரியாமல் கத்தரியை எடுக்காதீர்கள். இலை அகலமானதா, ஊசி போன்றதா, செதில்செதிலாகத் தண்டோடு ஒட்டியிருக்கிறதா?

கேட்டவர்:
செதில்தான், விசிறிபோல் தட்டையாக விரிகிறது, கசக்கினால் பழ வாசனை வருகிறது. கடைசி 6 அடியில் மட்டும் அகன்ற, பளபளப்பான இலையுள்ள வேறொரு செடி இருக்கிறது.

பதில் 1:
முதலாவது, செதில் இலை இருந்தாலும் ஊசியிலை மர இனத்தைச் சேர்ந்த தூஜாவாக இருக்கலாம். தூஜா, சைப்ரஸ் ஆகியவற்றின் பழுப்பேறிய முதிர்ந்த கிளைகள் பெரும்பாலும் மீண்டும் துளிர்ப்பதில்லை. ஊசியிலை வகைகளில் ‘யூ’ (yew) என்ற மரம் அதற்கு விலக்கு. ஆகவே பக்கவாட்டில் ஒவ்வொரு கிளையிலும் பச்சை கொஞ்சமாவது எஞ்சும்படி மட்டும் வெட்டுங்கள்; அகலம் நீங்கள் விரும்பும் அளவுக்குக் குறையாது என்பதை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். உயரத்தை மூன்றில் ஒரு பங்குவரை குறைக்கலாம். வேண்டிய உயரத்துக்கு அரை அடி கீழே வெட்டினால், மேலே வரும் தளிர்கள் வெட்டுவாயை மூடிவிடும். சென்ற ஆண்டு விழுந்த இடைவெளியின் குறுக்கே அக்கம்பக்கத்துப் பசுங்கிளைகளை வளைத்துக் கட்டிவிடுங்கள்.

அகன்ற இலைச் செடி அப்படியன்று. லாரல், ஹோலி போன்றவை தடித்த தண்டிலிருந்தும் துளிர்க்கும். இந்த ஆண்டு ஒரு பக்கத்தைத் தண்டுவரை ஒட்ட வெட்டி, அது நன்றாகத் தழைத்த பிறகு, அடுத்த ஆண்டோ அதற்கடுத்த ஆண்டோ மறுபக்கத்தை வெட்டுங்கள்.

கேட்டவர்:
மிக்க நன்றி. எந்தப் பருவத்தில் தொடங்கலாம்?

பதில் 2:
கடும் வெட்டுக்கு, உறைபனி நீங்கி, புதுத்தளிர் கிளம்பும் இளவேனில் தொடக்கமே ஏற்றது. காலந்தாழ்த்தி வெட்டினால், பிறகு வரும் இளந்தளிர் முற்றுவதற்குள் பனியில் கருகிவிடும். வேலிக்குள் பறவைக் கூடு இருக்கிறதா என்று கிளைகளை விலக்கிப் பாருங்கள். இருந்தால் குஞ்சுகள் பறந்து செல்லும்வரை தயவுசெய்து பொறுத்திருங்கள். அடிப்பகுதி மேற்பகுதியைவிடச் சற்று அகன்றிருக்கட்டும். இல்லையென்றால் கீழே வெளிச்சம் படாமல் அடிக்கிளைகள் மொட்டையாகிவிடும். வெட்டியபின் வேரடியில் ஆழமாக நீர்விட்டு, மட்கிய உரத்தைப் பரப்புங்கள். அது தண்டைத் தொடக் கூடாது.