ரத்தம் உறையுற பிரச்சனை "இருக்கலாம்"னு சொல்லி வெச்சிருக்காங்க, நா எந்த கொரோனா ஊசி போடறது?

ராயபுரம்_பொண்ணு (9 ஜூன் 2021)

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுமையா படிச்சிட்டு பதில் சொல்லுங்க ப்ளீஸ். எனக்கு 31 வயசு, இப்ப இருக்கறது பழைய வண்ணாரப்பேட்டை (ராயபுரம் அம்மா வீடு). ரெண்டு தடவ கரு கலைஞ்சிடுச்சு. மொத தடவ 11 வாரத்துல, அதுக்கப்புறம் 2020 ஜனவரியில நெறைய பிளட் டெஸ்ட் எடுத்ததுல லூபஸ் ஆன்டிகோகுலன்ட்னு ஒண்ணு பாசிட்டிவ்னு வந்துச்சு, ரத்தம் உறையுற வியாதியா இருக்கலாம், 12 வாரம் கழிச்சு இன்னொரு தடவ எடுத்தா தான் உறுதியா சொல்ல முடியும்னு சொன்னாங்க. அந்த 12 வாரம் முடியறதுக்குள்ள லாக்டவுன் போட்டுட்டாங்க, அதோட அத மறந்தே போயிட்டோம். ரெண்டாவது தடவ நின்னப்போ எதுக்கும் இருக்கட்டும்னு ஈகோஸ்பிரின் மாத்திரையும் (ஆஸ்பிரின் தான், இன்னும் சாப்டறேன்) வயித்துல தெனம் ஒரு ஊசியும் குடுத்தாங்க, அப்பவும் டிசம்பர்ல போயிடுச்சு. அத பத்தி இங்க எழுத வேணாம்.

எங்க சித்திக்கு சிசேரியன் ஆனப்புறம் கால் வீங்கி உள்ள ரத்தம் உறைஞ்சு ஆறு மாசம் மாத்திரை சாப்ட்டாங்க. அதனால எனக்கு பயம் ஜாஸ்தி.

போன வாரம் எங்க ஏரியா கேம்ப்புக்கு போனேன். ஏதாச்சும் வியாதி இருக்கான்னு கேட்டாங்க, நா "ரத்தம் கட்டுற பிரச்சனை இருக்கலாம்னு சொல்லிருக்காங்க"ன்னேன், அந்த சிஸ்டர் "அடிபட்டா ரத்தம் நிக்காதா உனக்கு"ன்னு கேட்டாங்க, எனக்கே கொழம்பிடுச்சு, டாக்டர் லெட்டர் வாங்கிட்டு வான்னு அனுப்பிட்டாங்க. அங்க இருந்தது கோவிஷீல்ட் மட்டும் தான். நியூஸ்ல பாத்தா ஐரோப்பால அதே ஊசியில (அங்க பேரு ஆஸ்ட்ராஜெனகா) தான் ரத்தம் உறையுதுன்றாங்க. கோவாக்சின் பிரைவேட்ல 1,410 ரூபா, அதுவும் இப்ப எங்கயும் இல்ல. வீட்டுக்காரர் ஹார்பர்ல வேல, ஊசி போட்டா தான் உள்ள விடுவாங்கன்னு அவர் கோவிஷீல்ட் போட்டுட்டார், அவருக்கு ஒரு நாள் ஜுரம் அவ்ளோ தான். மாமியார் ஒண்ணும் வேணாம் கபசுரக் குடிநீர் குடின்றாங்க. நா என்ன பண்றது?

மணலி_எக்ஸ்பிரஸ்

எது கிடைக்குதோ அத போட்டுட்டு போய்க்கினே இருங்க சிஸ்டர். எங்க தெருவுல ஏப்ரல் மே ரெண்டு மாசத்துல நாலு பேர் போயிட்டாங்க, நாலு பேருமே ஊசி போடாதவங்க.

பயந்தாங்கொள்ளி_82

அவ்ளோ ஈசியா சொல்லாதீங்க பாஸ். விவேக் சார் ஊசி போட்டாரு, மறுநா ஹார்ட் அட்டாக். நல்லா இருந்த மனுஷன். உறையற வியாதி இருக்கறவங்க ரெண்டு தடவ யோசிக்கறதுல தப்பே இல்ல.

மைக்ரோஸ்கோப்_மாமா

22 வருஷமா லேப்ல ரத்தத்தோட குப்ப கொட்டறவன், டாக்டர் கிடையாது, அத மனசுல வெச்சிட்டு படிம்மா.

மொதல்ல மேல ஒருத்தர் சொன்ன விவேக் விஷயம். அவர் ஏப்ரல் 15 போட்டுக்கிட்டது கோவாக்சின், கோவிஷீல்ட் இல்ல. இதயத்தோட முக்கியமான குழாய்ல 100 சதவீதம் அடைப்பு இருந்துச்சு, அந்த அடைப்பு ஒரே நாள்ல வர்ற விஷயம் இல்லன்னு பாத்த டாக்டருங்களே சொன்னாங்க. நமக்கும் வருத்தம் தான், அவ்ளோ மரம் நட்ட மனுஷன். ஆனா இந்த பொண்ணோட கேள்விக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல.

இப்ப உன் விஷயம். கேம்ப்ல நடந்த கொழப்பம் எங்க ஆரம்பிச்சுச்சு தெரியுமா, அந்த "ரத்தம் கட்டுறது"ன்ற வார்த்தையில. நம்ம ஊர்ல ரத்தக்கட்டுன்னா அடிபட்டு நீலமா வீங்கறது, பத்து போடுவோமே அது. அந்த சிஸ்டருக்கு ரத்தம் நிக்காத வியாதின்னு கேட்டிருக்கும், அப்டி இருந்தா கையில ஊசி குத்துன எடத்துல உள்ள கசிஞ்சு வீங்கும், அவங்க உஷாரா இருந்ததுல தப்பு சொல்ல மாட்டேன். உனக்கு சந்தேகப்படறது அதுக்கு நேர் எதிர், சீக்கிரமா உறையறது. போதாததுக்கு உன் ரிப்போர்ட்ல இருக்கற பேரே ஏமாத்துற பேரு. லூபஸ் ஆன்டிகோகுலன்ட்னா படிக்கறவன் உறையாம தடுக்கற ஏதோன்னு தான் நெனப்பான். லேப் டெஸ்ட் டியூப்ல அப்டி தான் நடக்கும், உன் பிளாஸ்மாவ எடுத்து நாங்க உறைய வெச்சு எத்தன செகண்டுன்னு எண்ணுனா லேட்டா தான் உறையும், ஏன்னா நாங்க ஊத்தற கொழுப்பு மாதிரி பொருள அந்த ஆன்டிபாடி போய் புடிச்சிக்கும். உடம்புக்குள்ள அதே ஆன்டிபாடி உறைய வெக்கும். நா வேலைக்கு சேந்த புதுசுல இந்த ரிப்போர்ட்ட கையில வெச்சிக்கிட்டு சீனியர் கிட்ட மெஷின் தப்பா காட்டுதுன்னு சண்ட போட்டிருக்கேன், அது வேற கத.

அடுத்து ஐரோப்பா. ஏப்ரல் 7 ஐரோப்பிய மருந்து ஏஜென்சி சொன்னது சும்மா "ரத்தம் உறையும்"னு இல்ல. பிளேட்லெட் கொறையும், அதோட சேந்து மூளையிலயோ வயித்துலயோ வித்தியாசமான எடத்துல உறையும், ரொம்ப அரிதா. டெங்கு வந்த ஊர்க்காரங்களுக்கு பிளேட்லெட் பத்தி நா சொல்ல வேணாம், பப்பாளி எல சாறு பிழிஞ்ச கை தானே. பிளேட்லெட் கொறைஞ்சா ரத்தம் கசியணும், இங்க உறையுது, ஏன்னா பிளேட்லெட்ல இருந்து வர்ற பிஎஃப்4ன்ற ஒரு புரோட்டீனுக்கு எதிரா உடம்பே ஆன்டிபாடி பண்ணிடுது. உன் லூபஸ் ஆன்டிபாடி வேற, இது வேற, ரெண்டுக்கும் ஒரே வீட்டு அட்ரஸ் இல்ல. அதனால தான் பிரிட்டன்ல, முன்னாடி கால்ல ரத்தம் உறைஞ்சவங்களுக்கு, பரம்பரையா உறையுற வியாதி இருக்கறவங்களுக்கு இது கூடுதலா வர்றதா தெரியலன்னு சொல்லி அதே ஊசிய போடறாங்க, வயச மட்டும் தான் பாக்கறாங்க, 40க்கு கீழ இருந்தா வேற ஊசி. ஆஸ்திரேலியால இன்னும் கொஞ்சம் ஜாக்கிரத, உனக்கு சந்தேகப்படற வியாதி உறுதியாகி ஏற்கனவே ரத்தமும் உறைஞ்சவங்கன்னா வேற ஊசின்றாங்க. ஆக நாட்டுக்கு நாடு கொஞ்சம் மாறுது, உன்கிட்ட ஒளிச்சு என்ன ஆகப்போவுது.

நம்ம நாட்டு கணக்கு மே 17 வந்துச்சு. உறைஞ்சிருக்கலாம்னு எடுத்துக்கிட்டது 26 கேஸ், 10 லட்சம் டோசுக்கு 0.61, எல்லாம் கோவிஷீல்ட், கோவாக்சின்ல ஒண்ணும் இல்ல. இங்கிலாந்துல 10 லட்சத்துக்கு 4, ஜெர்மனியில 10ன்னு அதே அறிக்கையில இருக்கு. நம்ம ஊர்ல கண்டுபுடிக்காம விட்டது எவ்ளோன்னு நீ கேப்ப, நானும் கேட்டேன், பத்து மடங்கு வெச்சா கூட 10 லட்சத்துக்கு ஆறு தான். கொரோனா வந்து அட்மிட் ஆனவங்களுக்கு டி-டைமர் (ரத்தம் உறையறத காட்டற டெஸ்ட்) எடுத்து எடுத்து எங்க கை ஓஞ்சு போச்சும்மா, உறையறத பாக்கணும்னா அங்க பாக்கணும்.

கடைசியா ஒரே ஒரு கேள்வி, இதுக்கு மட்டும் பதில் சொல்லு. ரெண்டாவது தடவ வயித்துல தெனம் போட்டாங்களே, அது அநேகமா ரத்தம் உறையாம தடுக்கற ஹெபாரின் வகை ஊசி. அது போட்டப்போ பிளேட்லெட் கொறைஞ்சுதா? சிலருக்கு ஹெபாரினால பிளேட்லெட் கொறைஞ்சு ரத்தம் உறையும், அதுவும் அதே பிஎஃப்4 கத தான், அப்டி வந்தவங்க கோவிஷீல்ட் விஷயத்துல டாக்டர கேக்காம ஒரு அடி எடுத்து வெக்கக் கூடாது. பழைய ஃபைல எடுத்து பாரு.

பெரம்பூர்_வால்வு

மாமா எல்லாத்தயும் சொல்லிட்டாரு, நா ஊசி குத்துற மேட்டர மட்டும் சொல்றேன். நமக்கு இதயத்துல மெட்டல் வால்வு, 14 வருஷமா அசிட்ரோம் (ரத்தம் இளகற மாத்திரை). கோவாக்சின் கம்பெனிக்காரங்க ஜனவரியில ஒரு தாள் போட்டாங்க, ரத்தக்கசிவு வியாதி இருந்தா வேணாம், ரத்தம் இளகற மருந்து சாப்டறவங்க வேணாம்னு. அத பாத்துட்டு வீட்ல ஒரே சத்தம், உனக்கு ஊசியே கெடையாது, வெளிய போகாதன்னு. அப்பால கார்டியாலஜி டாக்டர கேட்டா ஐஎன்ஆர் (ரத்தம் எவ்ளோ இளகிருக்குன்னு பாக்கற டெஸ்ட்) கரெக்டா இருந்தா தாராளமா போடு, மாத்திரைய நிறுத்தாத, அத நிறுத்துனா தான் டேஞ்சர்னாரு. ஏப்ரல்ல கோவிஷீல்ட் போட்டேன். மெல்லிசு ஊசியா கேட்டு வாங்குனேன், குத்துனப்புறம் தேய்க்காம ரெண்டு நிமிசம் அமுக்கி புடிக்கணும், நா பயத்துல அஞ்சு நிமிசம் புடிச்சேன், பின்னாடி க்யூல இருந்த பெரிசு "இன்னாபா தூங்கிட்டியா"ன்னு கேட்டுச்சு. கொட்டப்பாக்கு சைசுல ஒரு நீலம், நாலு நாள்ல போச்சு.

காமெடி இன்னான்னா, ரத்தம் உறையுதுன்னு பயந்து எல்லாரும் தேடி ஓடற கோவாக்சினோட தாள்ல தான் நம்மள மாதிரி ஆளுங்கள வேணாம்னு எழுதி வெச்சிருந்தான். ஈகோஸ்பிரின் சாப்டறேன்றீங்க இல்ல, அத கேம்ப்ல சொல்லிடுங்க, ஆனா அதுக்காக ஊசி போடாம இருக்காதீங்க தங்கச்சி.

ராயபுரம்_பொண்ணு (11 ஜூன் 2021)

மாமா, அண்ணா, ரொம்ப நன்றி. நேத்து நைட்டு பீரோ மேல இருந்து ஃபைல எறக்குனேன், இறக்கவே மனசு வரல, வீட்டுக்காரர் தான் எடுத்துக் குடுத்தார். ஊசி எனாக்சாபாரின்னு எழுதிருக்கு. ஊசி ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி பிளேட்லெட் 2.6 லட்சம், பத்து நாள் கழிச்சு எடுத்ததுல 2.4 லட்சம். இது கொறைஞ்சதா கணக்கா?

மைக்ரோஸ்கோப்_மாமா

இல்லம்மா, எனாக்சாபாரின் ஹெபாரின் வகை தான், ஆனா அது தெனத்துக்கு தெனம் மாறுற அளவு தான். பாதியா விழுந்திருந்தா தான் மனசு பதறும். பெரிய கவல ஒண்ணு போச்சு. இனி ஃபைலோட ஒரு ரத்தநோய் டாக்டர பாரு, வாட்ஸ்அப்ல கேக்காத. அப்புறம் ஊசிக்கு முன்னாடி டி-டைமர் எடுத்துட்டு போலாமான்னு கேப்ப, வேணாம், அது வரப்போறத சொல்லாது, காசு தான் தண்டம்.

பயந்தாங்கொள்ளி_82

விவேக் சார் மேட்டர்ல நா தப்பா சொல்லிட்டேன், சாரி. நானும் இன்னும் போடல, அதான் உண்ம.

ராயபுரம்_பொண்ணு (22 ஜூன் 2021)

அப்டேட் போடறேன், யாராச்சும் இதே கேள்வியோட வந்தா உபயோகப்படும்.

காலையில ஏழு மணிக்கு போய் ஓபி சீட்டு போட்டு பன்னெண்டரைக்கு டாக்டர பாத்தேன். வயசான டாக்டர், மாஸ்க்குக்கு மேல கண்ணாடி முழுக்க ஆவி, தொடச்சு தொடச்சு என் ஃபைல முழுசா படிச்சாங்க. ஒரே டெஸ்ட்ட வெச்சு உனக்கு வியாதின்னும் சொல்ல மாட்டேன், இல்லன்னும் சொல்ல மாட்டேன்னாங்க. உனக்கு இதுவர எங்கயும் உறைஞ்சதில்ல, ஹெபாரின்ல பிளேட்லெட் விழல, அதனால ரெண்டு ஊசியில எதுன்னாலும் எனக்கு சம்மதம், போடாம இருக்கறதுக்கு மட்டும் சம்மதம் இல்லன்னாங்க. சித்தி விஷயத்த கேட்டேன், சிசேரியனுக்கு அப்புறம் கால்ல உறையறது யாருக்கு வேணா வரும், அத உன் தலையில போட்டுக்காதன்னுட்டாங்க.

அப்புறம் அவங்க கேட்ட கேள்விய நா எதிர்பாக்கல. அடுத்த குழந்தைக்கு எப்ப பாக்கறதா இருக்கீங்கன்னாங்க. நா ஒண்ணும் சொல்லல, அவர் தான் "இந்த வருஷம்"னு சொன்னார். அப்ப கணக்கு வேற, கர்ப்பமா இருக்கறவங்களுக்கு இன்னும் நம்ம நாட்ல ஊசி போட அனுமதி வரல, கோவிஷீல்ட் போட்டா ரெண்டாவது டோசுக்கு 12ல இருந்து 16 வாரம் காத்திருக்கணும், நடுவுல நின்னுடுச்சுன்னா பாதியில மாட்டிக்குவ, கோவாக்சின்னா 28 நாள்ல முடிஞ்சுடும், கிடைச்சா அத போடு, ரெண்டு வாரம் பாத்து கிடைக்கலன்னா கோவிஷீல்ட போட்டுட்டு குழந்தைய மூணு மாசம் தள்ளிப் போடுன்னாங்க. ரத்தம் உறையறத வெச்சே இத்தன நாள் ராத்திரி தூக்கம் போச்சு, கடைசியில முடிவு பண்ணது காலண்டர்.

லெட்டர்ல "ரத்தக்கசிவு நோய் இல்லை, ஆஸ்பிரின் எடுக்கிறார், தடுப்பூசி போடலாம்"னு தமிழ்லயே எழுதி வாங்கிட்டேன். எந்த ஊசின்னாலும், முக்கியமா கோவிஷீல்ட்னா, போட்ட 20 நாளைக்குள்ள விடாத தலவலி, பார்வ மங்கல், மூச்சு வாங்கறது, நெஞ்சு வலி, நிக்காத வயித்து வலி, கால் வீக்கம், ஊசி போடாத எடத்துல சின்ன சின்னதா செகப்பு புள்ளி, இதுல ஒண்ணு வந்தாலும் உடனே வந்து பிளேட்லெட் பாக்கணும், ஊசி போட்ட தேதிய சொல்லணும்னு சொல்லிருக்காங்க. அத எழுதி ஃபிரிட்ஜ் மேல ஒட்டியாச்சு. மாமியார் அத பாத்துட்டு, "இதுல மூட்டு வலி சேத்துக்கோ, எனக்கு இருக்கு"ன்றாங்க. அவங்களயும் கூட்டிட்டு போறதா இருக்கேன்.

லூபஸ் டெஸ்ட்டுக்கு நேத்து தான் ரத்தம் குடுத்தேன். நேத்துல இருந்து ஸ்டாக் வருதுன்றாங்க, தண்டையார்பேட்டை பக்கம் கோவாக்சின் எந்த கேம்ப்ல போடறாங்கன்னு யாருக்காச்சும் தெரிஞ்சா சொல்லுங்க.

மணலி_எக்ஸ்பிரஸ்

காலையில ஆறரைக்கே டோக்கன் குடுக்கறாங்க சிஸ்டர், நா நாளைக்கு அந்த பக்கம் தான் லோடு எறக்கப் போறேன், எந்த ஊசின்னு கேட்டு இங்கயே போடறேன்.