மொமொதாரோவை அட்டைப்படத்தில் சொல்லும்போது

ஆற்றில் மிதந்து வந்த பீச் பழத்திலிருந்து பிறந்த மொமொதாரோ, நாய், குரங்கு, பறவை துணையோடு ஊரைக் கொள்ளையடித்த ஓனிகளை வென்று செல்வத்தோடு திரும்புவது ஜப்பானியக் கதை. அதை மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளுக்குச் சொல்ல, அட்டைகளை ஒவ்வொன்றாக உருவிக் காட்டும் அந்த ஊர் அட்டைப்படக் கதை முறையான கமிஷிபாயே நல்ல வழி. 12 படம், எட்டு நிமிஷம். அதற்கு மேல் இழுத்தால் முன்வரிசை நெளிய ஆரம்பித்துவிடும். சார்ட் பேப்பர் பாதியில் வளைந்து சிக்கும். 300 ஜிஎஸ்எம் கனமுள்ள அட்டை வாங்குங்கள்.

பலரும் சறுக்குவது வசனம் எழுதும் இடத்தில். முதல் படத்தின் வசனம் கடைசி அட்டையின் முதுகில் இருக்க வேண்டும். சொல்பவர் கண்ணுக்குத் தெரிவது அதுதானே! முதல் அட்டையை உருவிப் பின்னால் செருகியதும் அதன் முதுகு தெரியும். அங்கே இரண்டாம் படத்தின் வசனம். இதை விளக்காமல் பிரிண்ட் கடையில் கொடுத்தால், அந்தந்தப் படத்துக்குப் பின்னாலேயே அடித்துத் தந்துவிடுவார்கள்.

அட்டையை உருவுவது பார்ப்பவரின் இடப்பக்கமாக. பழம் பிளக்கும் இடத்தில் பாதி உருவி நிறுத்துங்கள். அடுத்த படத்தின் வலப்பாதிதான் முதலில் தெரியும் என்பதால் குழந்தையை அந்தப் பக்கம் வரையுங்கள். இடப்பக்கம் வரைந்தால் வெறும் சுவர்தான் எட்டிப் பார்க்கும்.

—

மேலே சொன்னதோடு, சொற்களைப் பற்றியும். பீச்சை மாம்பழமாக்காதீர்கள். பீச்சின் நடுவே ஓடும் அந்த வரி வழியாகத்தான் படத்தில் பழம் பிளக்கிறது. பெயரிலும் அதுதான்: மொமொ என்றால் பீச். (நம் பிள்ளைகளுக்கு ஆவியில் வெந்த மோமோ ஞாபகம் வரும். சிரித்து முடிக்கட்டும்.) பழம் ஆற்றில் மிதந்து வரும் ஓசை ‘டொம்புராக்கோ, டொம்புராக்கோ’; மொழிபெயர்க்க வேண்டாம், இரண்டாம் தடவை பிள்ளைகளே சேர்ந்து சொல்வார்கள். துணைக்கு வரும் விலங்குகளுக்கு மொமொதாரோ தரும் கிபிதாங்கோவுக்கு லட்டு என்று போடுகிறார்கள். கிபி நம் பனிவரகு. பனிவரகு மாவு உருண்டை என்றாலே போதும். நாய், குரங்கோடு வரும் பறவை ஃபெசன்ட். நீள வால் காட்டுக்கோழி என்று சொல்லலாம், மயிலாக்க வேண்டாம்.

—

ஓனியைப் பேய் என்றால் ராத்திரி தூக்கம் போச்சு. கொம்பு முளைத்த, புலித்தோல் கட்டிய பூதம் என்றால் பயம் அளவோடு நிற்கும். ஆனால் அது ஊரைக் கொள்ளையடிப்பதை மூன்றாம் படத்துக்குள் காட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் கடைசியில் மொமொதாரோ செல்வத்தை வண்டியில் ஏற்றும்போது, “அது அவங்களோடதுதானே?” என்ற கேள்வி வரும். நியாயமான கேள்விதான். கடைசிப் படத்தில் மூட்டைகள் ஊராருக்குத் திரும்பப் போவதாக ஒரு வரி சேர்ப்பவர்களும் உண்டு.