விஎஸ் கோடில் கோபோல்: சத்தமில்லாமல் கணக்கைக் கெடுத்தவை, அனுபவம் பகிருங்கள்

முகப்பு
விஎஸ் கோட் எடிட்டரில், கோபோல் என்ற பழைய வணிக நிரல்மொழியில், வட்டிக்கடைப் பேரேட்டை மாதவாரியாகப் பிரிக்கிற நிரல். டோட்டல்-1 சித்திரை, டோட்டல்-12 பங்குனி. ஆண்டு மொத்தம் பைசா பிசகவில்லை. ஆனால் பங்குனியில் பூஜ்யம், சித்திரையில் இரண்டு மாத வட்டி! நிரலை இயங்கும் வடிவுக்கு மாற்றுகிற கம்பைலர் வாயே திறக்கவில்லை. பங்குனி வட்டியைக் கூட்டும் ஆட் வரியின் கடைசி ‘2’ 73-ஆவது கட்டத்தில் விழுந்திருந்தது. எந்தக் கட்டத்தில் எது என்று வரையறுத்த பழைய ஃபிக்சட் ஃபார்மட்டில் 72-க்கு அப்பால் உள்ளதைக் கம்பைலர் படிக்காது. டோட்டல்-12 வெறும் டோட்டல்-1 ஆகிவிட்டது. அந்தப் பெயரிலும் ஒன்று இருந்ததால் பிழை வரவில்லை. எடிட்டரோ முழுப் பெயரையும் அழகாக நிறம் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தது.

வளவு
எடிட்டரில் ரூலர் (நெடுக்குக் கோடு) போட்டால் தீர்ந்தது அண்ணே. செட்டிங்ஸில் எடிட்டர் ரூலர்ஸ்: 6, 7, 11, 72. முதல் ஆறும் வரிசை எண், 7 குறிக்கான கட்டம், 8–11 ஏ பகுதி (தலைப்புகள் தொடங்குமிடம்), 12–72 பி பகுதி (கட்டளைகள்).

ஊருணி
ரூலரால் தீராது. அது எழுத்தை எண்ணுகிறது, க்னூகோபோல் கம்பைலர் பைட்டை எண்ணுகிறது. திரையில் காட்டச் சொல்லும் டிஸ்ப்ளே வரியில் தமிழ் இருந்தால் கோட்டுக்கு வெகு முன்பே 72 தாண்டிவிடும். ஊர்ப்பெயருக்கு பிக் எக்ஸ் 20 (20 பைட் எழுத்துப் புலம்) வைத்த ரசீதில் நடந்தது இது: யூடிஎஃப்-8 எழுத்துக்குறிமுறையில் ‘காரைக்குடி’ துணைக்குறி, புள்ளியெல்லாம் சேர்த்து 10 குறி, ஒன்றுக்கு 3 பைட், ஆக 30. ‘காரைக்’ வரை 18 பைட் போயிற்று. மீதி 2 பைட்டில் அடுத்த ‘கு’வின் ககரம் அரைகுறையாக ஒட்டிக்கொண்டு, ரசீதில் கறுப்புச் சாய்சதுரமாக வந்து நின்றது. தேவகோட்டைக்கும் 27 பைட் வேண்டும். தமிழ்ப் பெயர் வரும் இடமென்றால் 60-க்குக் குறையாமல் வையுங்கள்.

டேப்பையும் கவனியுங்கள். எடிட்டர் 4 இடமாகக் காட்டுவதை க்னூகோபோல் 8 இடமாக விரிக்கும். திரையில் 72-க்குள் இருக்கிற வரி கம்பைலருக்கு 72-க்கு வெளியே போயிருக்கும். டேப்புக்குப் பதில் இடைவெளி போடும் இன்சர்ட் ஸ்பேசஸ் இயக்கத்தில், டிடெக்ட் இன்டென்டேஷன் அணைப்பில் இருக்கட்டும். பின்னதை விட்டுவிட்டால், டேப் நிறைந்த பழைய கோப்பைத் திறந்ததும் எடிட்டர் அதன் வழிக்கே போய்விடும். கம்பைல் செய்யும் பில்ட் டாஸ்கில் காலம்-ஓவர்ஃப்ளோ (கட்டம் தாண்டல்) எச்சரிக்கையையும் தனியாகச் சேருங்கள். முகப்பு அண்ணன் சொன்ன ‘2’ அதில் மாட்டியிருக்கும்.

பட்டாலை
ஏன் இத்தனை பாடு? கட்டக் கணக்கு இல்லாத ஃப்ரீ ஃபார்மட் 2002 கோபோல் தரத்திலேயே வந்துவிட்டதே.

முகப்பு
புதிதாக எழுதினால் சரி தம்பி. பல நிரல்கள் பகிரும் பழைய காப்பிபுக்கை இழுத்தால் முதல் ஆறு கட்ட எண்களும் குறிப்புரை வரி என்று காட்டும் ஏழாவது கட்ட விண்மீனும் நிரல் வரியாகவே படிக்கப்பட்டு, பிழை மேல் பிழையாகக் கொட்டும். எல்லாக் காப்பிபுக்கையும் மாற்றும்வரை ஃபிக்சட்தான்.

ஐந்தொகை
நீங்கள் சொல்வதெல்லாம் நிரலில். தரவில் நடந்தது இதைவிட மோசம். மெயின்பிரேம் பெருங்கணினியிலிருந்து டெக்ஸ்ட் முறையில் இறக்கிய கோப்பில் 40,000 ரூபாய் அசல் 20,000 ஆகியிருந்தது. புலம் பிக் எஸ்9(7)வி99 காம்ப்-3, அதாவது ஒன்பது இலக்கமும் குறியும் பைட்டுக்கு இரண்டாக அடுக்கி 5 பைட், பதினறும எண்ணில்: 00 40 00 00 0சி. மெயின்பிரேமின் எழுத்துக்குறிமுறையான எப்சிடிக்கில் 40 என்ற பைட் இடைவெளி. மற்றக் கணினிகளின் ஆஸ்கியில் இடைவெளி 20. மாற்றிக் கொடுத்த நிரல் தொகையையும் எழுத்தென்று நினைத்து 40-ஐ 20 ஆக்கிவிட்டது. 00-வும் 0சி-யும் இரண்டிலும் ஒன்றே என்பதால் மாறவில்லை. விளைந்தது முறையான எண், நிரல் எப்படி நிற்கும்? வேறு தொகைகளில் குப்பை வந்திருந்தால் உடனே தெரிந்திருக்கும்.

இறக்கும்போது பைனரி முறை. பெயர், ஊர் போன்ற எக்ஸ் புலங்களை மட்டும் இன்ஸ்பெக்ட் கன்வர்ட்டிங் கட்டளை கொண்டு மாற்றுங்கள், காம்ப்-3-ஐத் தொடாதீர்கள். அந்தக் கோப்பை விஎஸ் கோடில் சாதாரணமாகத் திறந்து சேமிக்கவும் கூடாது: யூடிஎஃப்-8-க்குப் பொருந்தாத பைட்டுகளின் இடத்தில் மும்மூன்று பைட் எழுதிவிடும், ரெக்கார்டு நீளமே மாறிப்போகும். பார்க்க வேண்டுமென்றால் ஹெக்ஸ் எடிட்டர் நீட்சி.

வளவு
ஏற்கெனவே டெக்ஸ்ட் முறையில் இறக்கியதைத் திருப்ப முடியுமா?

ஐந்தொகை
நம்பித் திருப்ப முடியாது. மாற்றிய நிரல் வேறு பைட்டுகளையும் 20 ஆக்கியிருந்தால், அந்த 20 முன்பு 40-ஆக இருந்ததா என்று கோப்பைப் பார்த்துச் சொல்ல வழியில்லை. மூலத்திலிருந்து மறுபடி இறக்குங்கள்.