சாவ் பாவுலோவில் வீடு பார்க்கும் முன் ரயில் வரைபடத்தைப் பாருங்கள்

பிரேசிலின் சாவ் பாவுலோவுக்கு வேலைக்காகப் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும், "ஆபீஸிலிருந்து எத்தனை கிலோமீட்டருக்குள் வீடு எடுக்கலாம் அண்ணா?" என்றுதான் கேட்கிறார்கள். இந்த ஊரில் கிலோமீட்டர் கணக்கு உதவாது. எந்த ஸ்டேஷனுக்கு நடந்து போக முடியும் என்று பாருங்கள்.

அல்ஃபாவில்லியில் வேலை என்றால் இன்னும் கவனம் வேண்டும். அது சாவ் பாவுலோவே இல்லை, பக்கத்து ஊரான பருவெரியோடு சேர்ந்தது. அங்கே ரயில் கிடையாது. 8-ஆம் எண் ரயில் தடத்தில் பருவெரி வரை போய், அங்கிருந்து பஸ் பிடிக்க வேண்டும். காரில் போகலாமே என்பீர்கள். காஸ்தெலோ பிராங்கோ நெடுஞ்சாலையைக் காலை நேரத்தில் ஒருமுறை பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

என்னைக் கேட்டால் பின்யெய்ரோஸ் ஸ்டேஷன் பக்கம் வீடு பாருங்கள். 9-ஆம் தடத்தில் ஏறி ஒசாஸ்கோவில் 8-க்கு மாறலாம். ஸ்டேஷனுக்குள்ளேயே மாறுவதால் மறுபடி டிக்கெட் எடுக்க வேண்டாம். காலைக் கூட்டம் புறநகரிலிருந்து நகருக்குள் வரும், நீங்கள் எதிர்த்திசையில் போவீர்கள். டிரைவர் இல்லாமல் ஓடும் 4-ஆம் தடமும் அங்கேயே இருக்கிறது. நகரின் முக்கியச் சாலையான பாவுலிஸ்தா பக்கம் போக வசதி. வாடகை அதிகம்தான். கட்டுப்படியாகாவிட்டால் ஒசாஸ்கோவிலேயே தேடுங்கள். ஆபீஸ்கள் நிறைந்த பெர்ரினி, விலா ஒலிம்பியா பகுதிகளில் வேலை என்றால் 9-ஆம் தடம் ஒன்றே போதும்.

வந்ததும் சிபிஎஃப் எண் (பிரேசிலின் வரி அடையாள எண்) வாங்கி, 'பில்யேச்சி ஊனிக்கு' என்ற பயணக் கார்டு எடுத்துவிடுங்கள். சொந்தக் காசில் நிரப்பும் சாதாரண கார்டில், ஒரே கட்டணத்தில் 3 மணி நேரத்துக்குள் 4 நகரப் பஸ்கள் ஏறலாம். இடையில் மெட்ரோ வந்தால் கொஞ்சம் கூடுதலாகப் பிடிப்பார்கள். புறநகர்ப் பஸ்களில் இந்தக் கார்டு செல்லாது. உள்ளூர்ச் சம்பளத்தில் சேர்கிறவர்கள் கம்பெனியிடம் 'வாலி டிரான்ஸ்போர்ச்சி' என்ற பயணச் சலுகையைக் கேளுங்கள்: அடிப்படைச் சம்பளத்தில் 6% வரை உங்கள் பங்கு, அதற்கு மேல் ஆகும் பயணச் செலவு அவர்கள் பொறுப்பு. சட்டமே அப்படித்தான், கூச்சப்படாமல் கேட்கலாம்.

பஸ்ஸுக்குக் கை காட்டுங்கள், இல்லாவிட்டால் நிற்காமல் போய்விடும். முன்பக்கம் ஏறினால் உள்ளே ஒரு சுழல்கம்பி இருக்கும். பெரிய பையோடு அதில் நுழைவது பெரும்பாடு. விமான நிலையத்திலிருந்து பெட்டிகளோடு வரும் நாளில் பேசாமல் ஊபர் பிடியுங்கள்.

கார் வாங்கினால் 'ஹொடீஸியு' என்ற நெரிசல் கட்டுப்பாட்டு விதி உண்டு. கார் நம்பர் 1 அல்லது 2-இல் முடிந்தால் திங்கட்கிழமை காலை 7 முதல் 10 வரையும் மாலை 5 முதல் 8 வரையும் நகரின் மையப் பகுதியில் ஓட்டக் கூடாது. மற்ற எண்களுக்கு மற்ற வேலை நாட்கள்.

போனை நடைபாதை ஓரத்தில் கையில் வைத்துக்கொண்டு நிற்காதீர்கள், சைக்கிளில் வந்து பறித்துவிடுவார்கள். வழி பார்க்க வேண்டுமானால் ஒரு கடைக்குள் போய்ப் பாருங்கள்.

2023 டிசம்பரிலிருந்து ஞாயிற்றுக்கிழமை நகரப் பஸ்கள் இலவசம். வீடு பார்க்கப் போகும் பகுதிகளை அன்றைக்கே சுற்றிப் பார்த்துவிடுங்கள். ஆனால் ஞாயிறு சாலையை வைத்துத் திங்கட்கிழமைப் பயண நேரத்தைக் கணக்குப் போட வேண்டாம்.