புதுப்பிப்பு: ‘ஹேப்பி-கோ-லக்கி’ எங்கிருந்து வந்தது?

கவலையில்லாத உல்லாச மனிதரை ஆங்கிலத்தில் ‘ஹேப்பி-கோ-லக்கி’ என்கிறார்களே, அந்தக் கூட்டுச்சொல்லின் பிறப்பு என்ன என்று இந்த இழையில் கேட்டிருந்தேன். மகிழ்ச்சியும் அதிர்ஷ்டமும் ஏன் ஒரே சொல்லில் சேர்ந்தன என்று சிலர் திருப்பிக் கேட்டார்கள். அகராதிகளைப் புரட்டியதில் கிடைத்தது இது.

விடை ‘ஹேப்பி’யிலேயே இருக்கிறது. அதன் வேர் ‘ஹேப்’. ஸ்காண்டிநேவியாவின் பழைய நார்ஸ் மொழியிலிருந்து வந்த அந்தச் சொல்லுக்குத் தற்செயல், நல்வாய்ப்பு என்று பொருள். 14ஆம் நூற்றாண்டில் ‘ஹேப்பி’ என்றால் அதிர்ஷ்டசாலி. மகிழ்ச்சி என்ற பொருள் பிறகுதான் வந்தது. ‘ஹேப்பன்’, ‘பெர்ஹேப்ஸ்’, ‘மிஸ்ஹேப்’ எல்லாம் இதன் உடன்பிறப்புகள். எத்தனை பெரிய குடும்பம்! ஜெர்மன் மொழியிலோ இன்றும் ‘க்ளுக்’ என்ற ஒரே சொல் மகிழ்ச்சி, அதிர்ஷ்டம் இரண்டையும் குறிக்கிறது.

ஆகவே, முழுச்சொல்லும் முதலில் குணத்தைக் குறிக்கவில்லை. 17ஆம் நூற்றாண்டில் அது வினையடை: ‘வாய்த்தபடி ஆகட்டும்’, ‘குருட்டாம்போக்கில்’ என்ற பொருளில் வழங்கியது. நடுவிலுள்ள ‘கோ’ அந்தப் போக்கைத்தான் காட்டுகிறது. மனிதரைக் குறிக்கும் பெயரடையாக அது மாறியது 19ஆம் நூற்றாண்டில்தான்.

எனக்கு மிகவும் பிடித்தது இந்த நகர்வுதான். விதியின் போக்கைச் சொன்ன சொல், அதைச் சிரித்த முகத்தோடு ஏற்பவரின் இயல்புக்குப் பெயராகிவிட்டது.

அடுத்து, இனிய சுபாவமுள்ளவரைக் குறிக்கும் ‘குட்-ஹியூமர்ட்’ என்ற சொல்லைத் தேடப்போகிறேன். அதன் வேர் உடலின் நான்கு திரவங்கள் பற்றிய பழைய கிரேக்க மருத்துவத்துக்குப் போகிறது.